ஜன்னலுக்கு வெளியே கொட்டியாரக் குடா

கிண்ணியாவில் கல்யாணம் பேசி முடித்ததும் பெண் வீட்டார் முதலில் தேடுவது ஸுல்பிகாவைத்தான். ஆண் படப்பிடிப்பாளர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் முன்வாசலோடு நின்றுவிட வேண்டும். மணப்பெண்ணின் அறைக்குள் கமராவோடு போகக்கூடியவள் அவள் ஒருத்தி. நாற்பதைக் கடந்தவள், உரத்துச் சிரிப்பவள். அபாயாவுக்கு மேல் கமராப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் மூதூருக்கும் தம்பலகாமத்துக்கும் திருகோணமலை டவுனுக்கும் போய்வருவாள். அவள் வந்து இறங்கினால் மணப்பெண்ணின் அழுகை பாதி நின்றுவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

அவளுக்கு நீண்டநாள் ஆசை ஒன்று இருந்தது. கிண்ணியாவை மேலிருந்து ஒரு படம் எடுக்கவேண்டும். பாலத்தின் ஒரு பக்கம் கொட்டியாரக் குடாவும் மறுபக்கம் களப்பும் ஒரே படத்துக்குள் வரவேண்டும். ட்ரோன் பறக்கவிட அனுமதி கேட்டுப் பார்த்தாள். பக்கத்திலே சீனன்குடா விமானத்தளம், எதிரே துறைமுகம். கேட்ட இடத்தில் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கவலையை அவள் தர்சிகாவிடம் சொல்லப்போய்த்தான் இந்தக் கதை தொடங்கியது.

தர்சிகா அன்புவழிபுரத்துப் பெண். டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை. தன் தங்கையின் கல்யாணத்துக்கு ஸுல்பிகா படம் எடுக்க வந்த நாளிலிருந்து இருவரும் சிநேகிதம். தர்சிகாவுக்குக் கணினியில் விமானம் ஓட்டுவதில் பைத்தியம். உலகம் முழுவதையும் மலை, கடல், தெருவோடு உள்ளே வைத்திருக்கிற ஒரு சிமுலேட்டர் இருக்கிறது, உங்களிடம் கல்யாண வீடியோ வெட்டுகிற பெரிய கணினி இருக்கிறது, பிறகென்ன அக்கா என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதை ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஸுல்பிகா சீனன்குடா ஓடுபாதையிலிருந்து எழும்பி நேரே துறைமுகத்துத் தண்ணீருக்குள் விழுந்தாள். அடுத்த நாளும் விழுந்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் கிண்ணியாப் பாலத்துக்கு மேலே வட்டமடித்துத் தன் தெருவின் கூரைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு கல்யாணம் இல்லாத நாட்களில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் பறக்கப் போய்விடுவாள்.

வலைகள் போட்டுவைத்திருந்த பின்னறையை அதற்கென்று ஒழித்துக் கொடுத்தவன் அவளுடைய கணவன் பாயிஸ். குடாவில் மீன்பிடித்து அன்றன்றே திரும்புகிற சின்னப் போட்டில் தொழில் செய்பவன், கைவேலை தெரிந்தவன். பழைய வான் வண்டி ஒன்றின் சீற்றைக் கொண்டுவந்து போல்ட் அடித்து இறுக்கினான். பலகையால் விமானி அறையின் முன்பகுதியைப்போலவே ஒன்றைச் செய்து கறுப்புப் பெயின்ற் பூசினான். சுவரில் பெரிய டீவியை மாட்டி, கணினியோடு இணைத்தும் கொடுத்தான். ஆனால் ஒருநாளும் அந்தச் சீற்றில் அவன் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணீர் குடிப்பான். விமானம் கொஞ்சம் சரிந்தால் குசினிப் பக்கம் போய்விடுவான். ஆம்பிளைக்கு இதில் விருப்பமில்லையாக்கும் என்று ஸுல்பிகா நினைத்திருந்தாள்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போவதென்று இருவரும் முடிவெடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. மாரியில் வாடைக் காற்று எழும்பிவிட்டால் போட்டுகளைக் கரையேற்றிவிடுவார்கள். தொழிலில்லாத அந்தக் காலத்தில் போய்வருவது என்று பேச்சு. முதல் வருடம் நாள் நெருங்கியபோது பாயிஸ் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாவது வருடம் முழங்கால் நோகிறது என்றான். முழங்கால் நோகிற ஆள் கூரையில் ஏறி ஓடு மாற்றுவதை ஸுல்பிகா முற்றத்தில் நின்று பார்த்தாள்.

உண்மையைப் போட்டுடைத்தவர் அருளம்பலம். சல்லி என்ற ஊரில் மீன் தொழில் செய்பவர், பாயிஸின் நெடுநாள் கூட்டாளி. ஒருநாள் கருவாடு கொண்டுவந்தவரிடம் இந்த மாரிக்கு உம்றாவுக்குப் போகப்போகிறோம் என்று ஸுல்பிகா சொன்னாள். மனிதர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். மீனவர் சங்கத்தில் ஒருமுறை அவரையும் பாயிஸையும் பயிற்சிக்கென்று இந்தியாவுக்கு அனுப்ப இருந்தார்களாம். விமானம் என்று கேட்டதும் பாயிஸ் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டானாம். “அந்தாளுக்குச் சுறாவுக்குப் பயமில்லை, சூறாவளிக்குப் பயமில்லை, பிளேனுக்கு மட்டும்தான் பயம்” என்றார் அருளம்பலம்.

அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு ஸுல்பிகா நேரே கேட்டாள். பாயிஸ் மீனிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“உயரத்துக்குப் பயமில்ல” என்றான் கடைசியில். “கரை தெரியாத இடத்தில என்னால இருக்க ஏலாது.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால், வாப்பாவின் போட்டைத் தனியாகக் கொண்டுபோக ஆரம்பித்த புதிதில், ஒரு காலை குடாவுக்குள் மழையும் மூட்டமும் ஒன்றாக இறங்கின. எந்நேரமும் கோணேசர் மலையைப் பார்த்துத்தான் அவன் திசை பிடிப்பான். அன்று மலையில்லை. கரையில்லை. தண்ணீர் எது வானம் எது என்று பிரித்தறிய முடியாமல் நாலு பக்கமும் ஒரே வெள்ளை. இஞ்சினும் நின்றுபோனது. வெளிக்கடலுக்கு இழுபடுகிறோமா, பாறையை நோக்கிப் போகிறோமா என்று தெரியாமல் படைத்தவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தான். வெயில் ஏறி மூட்டம் விலகிய பிறகு யாரோ கட்டியிழுத்துக் கரை சேர்த்தார்கள். எந்த இடத்தில் கிடந்தான் என்பது இன்றுவரை அவனுக்குச் சரியாகத் தெரியாது. கரை கண்ணில் படாத தூரத்துக்கு அதற்குப் பிறகு அவன் போனதேயில்லை. மற்றவர்கள் நாள்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிற பெரிய போட்டுகளுக்குக் கூப்பிட்டபோதும் மறுத்துவிட்டான்.

“பிளேனில இருந்தா கரை வடிவாத் தெரியுமே” என்றாள் ஸுல்பிகா.

“நீ ஏறிப் பாத்தனியா?”

அவளும் ஏறியதில்லை. ஆனால் பின்னறையில் கணினி இருந்தது. வாங்க, காட்டுகிறேன் என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாயிஸ் முதன்முதலாக, தானே போல்ட் அடித்து இறுக்கிய சீற்றில், ஊசி போடப் போகிறவனைப்போல உட்கார்ந்தான். விமானி கண்ணால் பார்க்கிற மாதிரியே பார்க்கட்டும் என்று ஸுல்பிகா காட்சியை உள்ளே, விமானி அறைக்கு மாற்றினாள்.

அங்கேதான் பிழை வந்தது. திரையின் கீழே மானிகள், முட்கள், சுவிச்சுகள் எல்லாம் அழகாகத் தெரிந்தன. கண்ணாடிக்கு வெளியே மட்டும் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல வெள்ளை. விமானம் எழும்பியது, கடலில்லை, மலையில்லை, கரையில்லை. பாயிஸ் சீற்றின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெல்ல எழும்பிப்போய் முகம் கழுவினான்.

“நான் சொன்னன்தானே” என்றான், துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் ஸுல்பிகாவுக்குத் தாங்கவில்லை. இருந்த பயத்தைப் போக்கப் போய், அந்த மூட்டத்தையே மறுபடி அவன் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

இத்தனை மாதம் ஓட்டியும் இதை அவள் எப்படிக் கவனிக்காமல் போனாள்? காரணம் இருந்தது. அவளுக்கு வேண்டியது ஊரைப் பார்ப்பது. ஆகவே எப்போதும் விமானத்துக்குப் பின்னாலிருந்து பார்க்கிற காட்சியிலேதான் ஓட்டுவாள். அதில் கடல் நீலம், வயல் பச்சை, எல்லாம் சரி. உள்ளே போவது மானி பார்ப்பதற்கு மட்டும். வெளியே வெள்ளையாக இருந்தால் உச்சி வெயிலாக்கும் என்று விட்டிருந்தாள்.

இனி விடுவதில்லை என்று திருத்த இறங்கினாள். முதலில் டீவியின் வெளிச்சத்தைக் குறைத்தாள். வெள்ளை சாம்பலானது, மானிகள் இருட்டில் மறைந்தன, கடல் வரவில்லை. கேபிளை மாற்றினாள். கணினியை அணைத்துப் போட்டாள். இந்தக் கூத்தைக் கதவடியில் நின்று பார்த்த பாயிஸுக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். கடலில் போடுகிற தன் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்தான். தண்ணீரின் மினுக்கத்தை வெட்டி அடியிலுள்ள மீனைக் காட்டுகிற நல்ல கண்ணாடி அது. மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். கொஞ்சம் தலையைச் சரித்தான். திரையின் ஒளியையும் அது வெட்டிவிட, திரை முழுக்கக் கறுப்பாகிப்போனது. நிமிர்த்தினான், மறுபடி வெள்ளை. சரித்தால் இரவு, நிமிர்த்தினால் பகல். கோழி பார்ப்பதுபோல அவன் தலையை அங்குமிங்கும் சரிப்பதைக் கண்டு ஸுல்பிகா நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த அறைக்குள் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை தர்சிகா பஸ் ஏறி வந்தாள். தன்னுடைய கணினியில் இவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும் என்றாள். இருவரும் கணினிக்குள் தலையைக் கொடுத்துத் தேடினார்கள். தர்சிகா விளையாட்டுக்குள் நேரத்தை மாலையாக்கினாள். உடனே ஜன்னலில் கடல் வந்தது. ஆனால் கொஞ்சத்தில் சூரியன் விழுந்து எல்லாம் இருண்டுவிட்டது. பகலாக்கினால் பழையபடி வெள்ளை. மாலையிலேயே வைத்துக் காட்டுவோம் அக்கா என்று கேட்டதற்கு ஸுல்பிகா சம்மதிக்கவில்லை. அவர்கள் உம்றாவுக்குப் போகவேண்டிய விமானம் காலையில் எழும்புவது. அவன் வெயிலில் கடலைப் பார்க்கவேண்டும். தர்சிகா கணவாய்க் கறியோடு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனாள்.

அந்த வாரம் மூதூரில் ஒரு கல்யாணம். மணப்பெண் ஜெஸ்மினை மேல்மாடி அறையில் ஜன்னலோரக் கதிரையில் உட்காரவைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் குடா நீலமாகக் கிடந்தது. நல்ல இடம் என்று ஸுல்பிகா கமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். அவசரத்தில் கமராவைத் தானியங்கியில் விட்டிருந்தாள். படத்தில் பெண்ணின் முகம் வடிவாக விழுந்திருந்தது. ஜன்னல் வெள்ளையாய் எரிந்துபோயிருந்தது. இதெல்லாம் அவளுக்கு அன்றாடம் நடப்பது. கை தன்பாட்டில் கமராவைத் தன் வசத்துக்கு மாற்றியது. வெளியே இருக்கிற கடலுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கட்டிவைத்தது. பையிலிருந்த சின்ன விளக்கை எடுத்து, இருண்டுபோன பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தது. மறுபடி எடுத்தாள். பெண்ணும் இருந்தாள், கடலும் இருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தபடி ஸுல்பிகா அப்படியே நின்றுவிட்டாள். ஜெஸ்மின் பயந்துபோய், முகப்பூச்சு கலைந்துவிட்டதா ராத்தா என்று கேட்டாள். “இல்ல மகள், நீங்க வடிவா இருக்கீங்க” என்றாள் ஸுல்பிகா. “எனக்குத்தான் இப்ப கண் தெறந்திருக்கு.”

சிமுலேட்டரும் ஒரு தானியங்கிக் கமராதான். விமானி அறை கறுப்பு. அந்தக் கறுப்பை அளந்து, ஐயோ இருட்டு என்று அது தன் கண்ணை அகலத் திறந்துவிடுகிறது. அப்போது வெளியே உள்ள வெயில் முழுவதும் வெள்ளையாய் எரிகிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது கறுப்பு அறை காட்சியில் இல்லை, அதனால் எல்லாம் சரியாக இருந்தது. டீவியைக் குறைத்தோ கறுப்புக் கண்ணாடி போட்டோ பயனில்லை. எரிந்துபோன படத்தை இருட்டாக்கினால் கடல் திரும்பி வராது.

வீட்டுக்கு வந்து அபாயாவைக் கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அமைப்புகளுக்குள் ஒவ்வொன்றாகத் தேடினாள். கண் வெளிச்சத்துக்குத் தன்னைத்தானே பழக்கிக்கொள்வது என்ற அர்த்தத்தில் ஒரு சுவிச் ஒளிந்திருந்தது. இத்தனை நாளும் அது என்னவென்று புரியாமல் தாண்டிப் போயிருக்கிறாள். அதை நிறுத்தினாள். விமானி அறைக்குள் போனாள்.

கண்ணாடிக்கு வெளியே கடல் இருந்தது.

ஆனால் இப்போது மானிகள் இருண்டுவிட்டன. அது எதிர்பார்த்ததுதான், மணப்பெண்ணின் முகத்துக்கு விளக்குப் பிடித்ததுபோல இங்கேயும் ஒன்று பிடிக்கவேண்டும். விமானி அறையின் உள்விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டினாள். முட்கள் எழும்பி வந்தன. வெளிச்சங்களைச் சுற்றிப் படர்கிற மினுக்கத்தைக் குறைத்தாள். அதற்குப் பிறகும் வானம் கொஞ்சம் கண்ணைக் குத்தியது. யோசித்துப் பார்த்தபோது டீவி இன்னும் கடையில் ஆட்களை இழுப்பதற்கு வைத்த பளபளப்பிலேயே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. அதையும் சாதாரணமாக்கினாள். சூரியனுக்கு எதிராக ஒருதரம், சூரியனைப் பின்னால் விட்டு ஒருதரம், மேகத்தோடு ஒருதரம் என்று பறந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் கடலாகவே இருந்தது. தர்சிகாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது மறுமுனையில் அவள் கைதட்டியது கேட்டது.

மறுநாள் காலை பாயிஸ் கரையிலிருந்து வந்து குளித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். ஒரேயொரு தரம் என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுக்க மனமில்லாமல் வந்து உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஸுல்பிகா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சீனன்குடாவிலிருந்து விமானத்தை எழுப்பினாள்.

“இப்ப பாருங்க” என்றாள்.

அவன் பார்த்தான். துறைமுகத்தின் கைகளும் விரல்களும் பச்சைக் குன்றுகளுக்கிடையே விரிந்து கிடந்தன. இடது பக்கம், கடலுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோணேசர் மலை. அவனுடைய உடம்பு மெல்ல முன்னால் வந்தது. ஸுல்பிகா விமானத்தை வலப்பக்கம் திருப்பிக் குடாவுக்கு மேலே கொண்டுபோனாள். முன்கண்ணாடியில் நீலத் தண்ணீருக்குள் தேத்தண்ணீர் ஊற்றினாற்போல ஓரிடம் கலங்கித் தெரிந்தது.

“அது மகாவலி வந்து விழுற இடம்” என்றான் பாயிஸ். “அந்தக் கலங்கல் ஓரத்திலதான் நாங்க வலை போடுறது.”

பிறகு அவன் வாய் ஓயவில்லை. இது மூதூர்க் கரை. அது வெளிச்சவீட்டு முனை. அங்கே பார், நம்முடைய பாலம். இந்தக் கல்லடியில் பாரை மீன் நிற்கும். படகுத்துறையை மட்டும் இந்த விளையாட்டைச் செய்தவன்கள் போடாமல் விட்டுவிட்டான்கள், மடையன்கள். ஸுல்பிகா அவன் சொன்ன பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னான். விமானத்தை நிறுத்த ஏலாது, சுத்தலாம் என்றாள். சுற்றினாள். அவன் மலையைப் பார்த்தான், முனையைப் பார்த்தான், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கையால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தான்.

“இதுக்குள்ளதான் அண்டைக்குக் கெடந்திருக்கன்” என்றான். “இந்தா கரை. இந்தப் பக்கமும் கரை. இவ்வளவு கிட்டத்தில நிண்டுதான் மௌத்தாகப் போறன் எண்டு கலிமாச் சொன்னனான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு வளர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. ஸுல்பிகாவுக்கும் வந்தது. யாரும் ஓட்டாததால் விமானம் தன்பாட்டில் சரிந்து கடலைப் பார்க்க, அவள் ஓடிப்போய்ப் பிடிப்பதுபோலச் சுக்கானைப் பிடித்து நிமிர்த்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். மேகத்துக்குள் போனால் என்ன ஆகும்? ஸுல்பிகா பொய் சொல்ல விரும்பவில்லை. அப்போது வெள்ளைதான், ஒன்றும் தெரியாது. ஆனால் திசை காட்டுகிற இந்த முள்ளைப் பாருங்கள், இதுதான் அந்த நேரத்துக் கோணேசர் மலை என்றாள். போ, பார்ப்போம் என்றான். மேகத்துக்குள் போனார்கள். அவன் கை சீற்றை இறுக்கியது, கண் முள்ளைவிட்டு அசையவில்லை. மேகம் கிழிந்து மறுபக்கம் வந்ததும் கீழே நீலம் விரிந்தது. மூச்சை விட்டுவிட்டு, “திரும்பப் போ” என்றான்.

அன்று மதியச் சாப்பாடு அஸரோடுதான் நடந்தது.

மாரி வந்தது. போட்டுகள் கரையேறின. பாயிஸின் இஞ்சினுக்கும் முழங்காலுக்கும் அந்த வருடம் ஒரு குறையும் வரவில்லை. கட்டுநாயக்காவில் விமானத்துக்குள் ஏறியதும் ஜன்னலோரம் யாருக்கு என்று ஒரு சின்னச் சண்டை. முதன்முதலாக மேலிருந்து படம் எடுக்கப்போகிறேன், அந்த இடம் எனக்கு என்று ஸுல்பிகா நின்றாள். போகும்போது எனக்கு, வரும்போது உனக்கு என்று பாயிஸ் தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்துவிட்டான். விமானம் எழும்பியபோது அவன் உதடு ஓதிக்கொண்டிருந்தது, கை ஸுல்பிகாவின் கையை நசித்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. தென்னந்தோப்பும் வெள்ளை நுரைக் கோடும் கீழே விலகியபோது, முன்வரிசையில் அதே குழுவில் வந்திருந்த றிஸ்கான் என்ற மனிதர் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டிருப்பதைக் கண்டான். தோளில் தட்டினான். “நிமிந்து பாருங்க” என்றான். “கரை தெரியுது.”

உம்றா நல்லபடியாக நிறைவேறியது. திரும்பி வரும்போது ஜன்னலோரம் ஸுல்பிகாவுக்குக் கிடைத்தது. அவள் எடுத்த படங்களில் பாதியில் பாயிஸின் விரல் இருக்கிறது, ஏதோ ஒரு தீவைச் சுட்டிக்கொண்டு. மற்றப் பாதியில், கரையும் கடலும் சேர்ந்து விழுந்த ஒன்றைப் பெரிதாக்கி விறாந்தையில் மாட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேச வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

வாடை தணிந்து போட்டுகள் மீண்டும் இறங்கிவிட்டன. பாயிஸ் விடியலில் போய் ஒன்பது மணிக்குள் வந்துவிடுகிறான். மீனைக் கொடுத்துவிட்டு, குளித்து, பின்னறைக்குள் போனால் ஆளைக் காண்பது அரிது. அருளம்பலத்துக்கும் செய்தி போய், இப்போது சல்லியிலிருந்து அவரும் வருகிறார். சல்லிக் கரைக்கு மேலே தாழப் பறக்கச் சொல்லி, தன் மீன்வாடியைத் தேடுகிறார். ஸுல்பிகாவுக்கு இரண்டு கல்யாணத்து வீடியோ வெட்டவேண்டியிருக்கிறது, கணினி கிடைக்கவில்லை. நேற்று வாசலில் நின்று, இறங்குகிறீர்களா இல்லையா என்று கேட்டாள்.

“கொஞ்சம் பொறு புள்ள” என்றான் பாயிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “புறாத் தீவைச் சுத்திப்போட்டு வந்திர்றன்.”

பக்கத்துக் கதிரையில் அருளம்பலம் விமானத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஸுல்பிகா சிரித்துக்கொண்டே அவர்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போனாள்.